ஐசோலேட்டிலிருந்து மரபணு வரை: நோய் தரும் ஈஸ்ட்களின் மரபணு வேறுபாட்டையும் வீரியத்தையும் ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே வார்டில் இரண்டு நோயாளிகள். இருவரிடமும் வளர்வது கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட்தான் (ஒருசெல் பூஞ்சை). ஒருவருக்கு வாயில் வெள்ளைப் படலத்தோடு நின்றுவிடுகிறது. இன்னொருவருக்கு இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வரை போய்விடுகிறது. “இந்த ஸ்ட்ரெய்னே வீரியம் கூடியதா, இல்லை நோயாளியின் உடல்தான் பலவீனமா?” என்று மருத்துவர் கேட்பார். எம்.எஸ்சி. புராஜெக்ட்டிலோ பிஎச்.டி.யின் முதல் வருடத்திலோ இருப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே ஜீனோம் சீக்வென்சிங்கிற்கு (முழு டி.என்.ஏ. வரிசையையும் படிப்பதற்கு) மாதிரியை அனுப்பிவிடுகிறார்கள். வேறுபாடுகளின் நீண்ட பட்டியல் ஒன்று திரும்பி வருகிறது. அதை வைத்து என்ன செய்வது என்பது தெரிவதில்லை.

சீக்வென்சிங்கிற்கு முன்னும் பின்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதுதான் இந்த வழிகாட்டி. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ், கேண்டிடா ஆரிஸ் இரண்டிலிருந்தும் வரும். தேவைப்படும் இடத்தில் கிரிப்டோகாக்கஸும் வரும். 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிகள் பட்டியலின் மிக அவசரப் பிரிவில் இருக்கும் நான்கில் மூன்று இவைதான் (நான்காவது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ், அது ஈஸ்ட் அல்ல). ஆரிஸுக்கு 2024இல் கேண்டிடோசைமா ஆரிஸ் என்று பெயர் மாற்றினார்கள். கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

படி 1: ‘வீரியம்’ என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வீரியம், அதாவது நோய் தரும் திறன், ஒற்றை எண்ணில் அடங்குவதில்லை. செல்லின் மேற்பரப்பில் ஒட்டுவது, 37 டிகிரியிலும் அதற்கு மேலும் வளர்வது, இழையாக நீண்டு திசுவைத் துளைப்பது, நச்சு சுரப்பது, பயோஃபிலிம் எனும் ஒட்டுப்படலம் கட்டுவது, வெள்ளணுக்களிடமிருந்து தப்புவது என்று அது பல திறன்களின் கூட்டு. ஒரு ஐசோலேட் (ஒரு மாதிரியிலிருந்து பிரித்து வளர்த்த ஈஸ்ட்) ஒன்றில் கெட்டியாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் இருக்கலாம். ஆகவே “இந்த ஐசோலேட்களில் வீரியம் எப்படி மாறுகிறது” என்று கேட்காமல், “இந்த ஐசோலேட்களில் சீரத்தில் இழை விடும் வேகம் ஏன் மாறுகிறது” என்று கேளுங்கள். கேள்வி எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

மருந்து எதிர்ப்பை வீரியத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் சேர்ந்தே போகும் என்று விதி எதுவும் இல்லை. நாகசியோமைசிஸ் கிளாப்ராட்டஸில் (பழைய பெயர் கேண்டிடா கிளாப்ராட்டா) பி.டி.ஆர்.1 மரபணுவில் வரும் சில சடுதிமாற்றங்கள் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு எதிர்ப்பைத் தருவதோடு எலிகளில் வீரியத்தையும் கூட்டுகின்றன. அல்பிகன்ஸில் எஃப்.கே.எஸ்.1 மரபணுவில் வரும் எக்கினோகேண்டின் என்ற இன்னொரு மருந்து வகைக்கான எதிர்ப்பு மாற்றங்கள் நேர்மாறாகச் செல்சுவரைப் பாதித்து வீரியத்தைக் குறைக்கின்றன. இரண்டையும் தனித்தனியாக அளந்து தனித்தனி நிரலில் எழுதுங்கள்.

இன்னொன்று, நோயாளி. ஆரிஸ் இரத்தத் தொற்று வந்தவர்கள் அநேகமாக ஏற்கெனவே வாரக்கணக்கில் ஐ.சி.யு.வில் குழாய்களோடு கிடந்தவர்கள். அவர்களில் இறப்பு விகிதம் அதிகம் என்பதை மட்டும் வைத்து அந்த ஐசோலேட்டை ‘வீரியம் மிக்கது’ என்று எழுதிவிட முடியாது. வயது, நோய் எதிர்ப்புநிலை, கதீட்டர், கொடுத்த மருந்து, எந்த நாளில் கொடுத்தார்கள் போன்ற தகவல்களை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் மருத்துவமனைப் பதிவறை கை விரித்துவிடும்.

படி 2: ஐசோலேட்டைச் சேகரித்து, மாறாமல் பாதுகாத்து வையுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி. வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

ஈஸ்ட் நம் கையிலேயே மாறும். அல்பிகன்ஸ் டிப்ளாய்டு, அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி; அதற்கு எட்டு ஜோடிக் குரோமோசோம்கள். அழுத்தம் வந்தால் ஒரு குரோமோசோமைக் கூட்டிக்கொள்ளும், அழுத்தம் போனால் கழற்றிவிடும். 2006இல் செல்மெக்கி, ஃபோர்ஷ், பெர்மன் ஆகியோர் காட்டியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்தாம் குரோமோசோமின் இடது கை இரண்டு முறை ஒட்டிக்கொண்டு ‘ஐசோகுரோமோசோம் 5எல்’ என்ற கூடுதல் துண்டு உருவாகிறது. ஃப்ளுகோனசோல் தாக்கும் இலக்கான இ.ஆர்.ஜி.11 மரபணு, மருந்தை வெளியே இறைக்கும் பம்ப்களை முடுக்கும் டி.ஏ.சி.1 மரபணு இரண்டும் அந்தக் கையில்தான் உள்ளன. டி.என்.ஏ.வில் ஒரு எழுத்துகூட மாறாமல், பிரதிகளின் எண்ணிக்கை கூடியதால் மட்டுமே மருந்து எதிர்ப்பு வந்துவிடுகிறது. அந்த ஐசோலேட்டை மருந்தில்லாத பிளேட்டில் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே போனால் அந்தத் துண்டு தொலைந்துபோகலாம். அப்போது நோயாளியின் உடலில் இருந்தது ஒன்று, நீங்கள் சீக்வென்ஸ் செய்வது வேறொன்று.

ஆகவே:

- மருத்துவமனையிலிருந்து வந்த முதல் பிளேட்டிலிருந்தே கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மறுவளர்ப்பு செய்த பிறகு அல்ல.
- இரண்டு வகை ஸ்டாக் வேண்டும். பிளேட்டின் பல காலனிகளையும் சேர்த்து வழித்தெடுத்த கலவை ஒன்று. தனிக்காலனிகளிலிருந்து எடுத்தவை சில. ஒரே நோயாளியிடம் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு வகை இருப்பது அபூர்வமில்லை.
- ஒவ்வொரு குப்பியிலும் எத்தனையாவது மறுவளர்ப்பு என்று எழுதுங்கள். சோதனைக்கு எப்போதும் ஃப்ரீசரிலிருந்து புதிதாக எடுங்கள். ஃப்ரிட்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும் பிளேட்டை நம்பாதீர்கள்.
- மருந்து எதிர்ப்புள்ள காலனியும் எதிர்ப்பில்லாத காலனியும் ஒரே பிளேட்டில் தெரிந்தால் இரண்டையும் எடுங்கள். ஒரே நோயாளியிடமிருந்து வந்த அந்த ஜோடிதான் பின்னால் உங்களுக்குத் தங்கம்.

நோயாளியின் மாதிரி என்பதால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி இரண்டும் தேவை. இந்த ஈஸ்ட்களைக் கையாளப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம் வேண்டும். ஆரிஸ் என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: பல ஆய்வகங்களில் மேசை துடைக்கும் குவாட்டர்னரி அம்மோனியம் திரவங்கள் அதனிடம் சரியாக வேலை செய்வதில்லை. குளோரின் கலந்ததையோ ஹைட்ரஜன் பெராக்சைடையோ பயன்படுத்துங்கள்.

படி 3: இனம் எது என்று உறுதி செய்யுங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம், ஆனால் தாண்டிப் போக முடியாது. ஆரிஸை முதலில் விவரித்தது 2009இல், டோக்கியோவில், 70 வயது நோயாளி ஒருவரின் காதிலிருந்து எடுத்த மாதிரியில். அதன் பிறகும் பல ஆண்டுகள் தானியங்கிக் கருவிகள் அதைக் கேண்டிடா ஹீமுலோனி என்றே சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பெயர் திரையில் வந்தால் இன்றும் சந்தேகப்படுவதே நல்லது. இந்தியாவில் 27 ஐ.சி.யு.க்களில் எடுத்த 1400 இரத்தத் தொற்று மாதிரிகளைத் திரும்பச் சரிபார்த்தபோது 74 மாதிரிகள், அதாவது 5.3 சதவீதம், ஆரிஸாக இருந்தன. 19 ஐ.சி.யு.க்களில் அது இருந்தது.

நிறங்காட்டும் குரோமோஜெனிக் அகாரில் அல்பிகன்ஸ் பச்சையாக வரும். சீரத்தில் 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் முளைக்குழாய் விடும். ஆரிஸ் 42 டிகிரியிலும் வளரும். இதெல்லாம் முதல் வடிகட்டல் மட்டுமே. புரதங்களின் எடையை வைத்து இனத்தைச் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இருந்தால் அதன் தரவுத்தளம் புதியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இனங்களைப் பிரித்தறிய உதவும் ரைபோசோம் டி.என்.ஏ.யின் ஐ.டி.எஸ். பகுதியையோ டி1/டி2 பகுதியையோ சீக்வென்ஸ் செய்தால் போதும்.

படி 4: ஜீனோமைத் தொடும் முன் குணங்களை அளந்து முடியுங்கள்

சீக்வென்ஸ் முடிவைப் பார்த்துவிட்டால் கண் தானாகவே அதற்கேற்ற குணத்தைத் தேட ஆரம்பிக்கும். அதனால் இந்த வேலை முதலில். முடிந்தால் ஐசோலேட்களுக்கு வெறும் எண் போட்டு, எது எந்த நோயாளியுடையது என்று தெரியாமல் அளக்கச் சொல்லுங்கள்.

முதலில் வளர்ச்சி வேகம். 30, 37, 40, 42 டிகிரியில் வளர்ச்சி வளைகோடு வரையுங்கள். இது சப்பென்று இருக்கும், ஆனால் பின்னால் வரும் பாதி முடிவுகளை விளக்குவது இதுதான். மெதுவாக வளரும் ஐசோலேட் எல்லாச் சோதனையிலும் ‘வீரியம் குறைந்தது’ போலத் தெரியும்.

அப்புறம் மருந்துகளுக்கான எம்.ஐ.சி. அளவு (வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு). அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அல்லது ஐரோப்பாவின் யூகாஸ்ட், இந்த இரண்டு தர நிர்ணய அமைப்புகளில் ஒன்றின் முறையை எடுத்துக்கொண்டு கடைசி வரை மாற்றாதீர்கள். அல்பிகன்ஸிலும் கேண்டிடா டிராப்பிகாலிஸிலும் ஃப்ளுகோனசோல் கூடிய பிறகும் மங்கலாகக் கொஞ்சம் வளர்ச்சி வால் போல நீளும். அதை எதிர்ப்பு என்று படித்துவிடக் கூடாது. ஆரிஸுக்கு அமெரிக்க சி.டி.சி. தந்துள்ள தற்காலிக எல்லைகள் மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் இவை: ஃப்ளுகோனசோல் 32, ஆம்ஃபோடெரிசின் பி 2, கேஸ்போஃபங்கின் 2, மைக்காஃபங்கின் 4. இந்த அளவோ அதற்கு மேலோ வந்தால் எதிர்ப்பு என்று கொள்ளலாம்.

மூன்றாவது, இனத்துக்கே உரிய குணங்கள். அல்பிகன்ஸ் என்றால் சீரத்திலும் ஸ்பைடர் அகாரிலும் இழை விடுதல், செல்களில் ஒட்டுதல், பயோஃபிலிம். கிரிப்டோகாக்கஸ் என்றால் உறையின் தடிமன், மெலனின், யூரியேஸ். ஆரிஸ் என்றால் செல்கள் பிரியாமல் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னக் குறிப்பு படி 8இல் உங்களைக் காப்பாற்றும்.

படி 5: எந்த அளவு சீக்வென்சிங் தேவை?

எம்.எல்.எஸ்.டி. என்ற முறையில் ஏழு மரபணுத் துண்டுகளைப் படிப்பார்கள். அல்பிகன்ஸுக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏழு துண்டுகள் உள்ளன. உலகத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு உங்கள் ஐசோலேட் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம். செலவும் குறைவு. ஆனால் ஏன் வீரியம் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது.

காரணம் தேடுகிறீர்கள் என்றால் முழு ஜீனோம் வேண்டும். ஆரிஸ் ஹாப்ளாய்டு (ஒரே பிரதி), ஜீனோம் சுமார் 1.25 கோடி எழுத்துகள், ஏழு குரோமோசோம்கள். அதற்கு 50 மடங்கு ஆழம் (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 50 முறை படிப்பது) போதும். அல்பிகன்ஸில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பிரதிகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் 100 மடங்கு கேளுங்கள்.

இல்லுமினாவின் குறுந்துண்டு சீக்வென்சிங் எழுத்து மாற்றங்களைத் துல்லியமாகக் காட்டும். குரோமோசோம் முனைகளை ஒட்டிய பகுதிகளிலும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும் மரபணுக் குடும்பங்களிலும் தடுமாறும். சிக்கல் என்னவென்றால், ஒட்டுப்புரத மரபணுக்கள் பல குடியிருப்பது அங்கேதான். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும், நடுவில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் இருக்கும். கிளாப்ராட்டஸின் ஈ.பி.ஏ. குடும்பம், அல்பிகன்ஸின் ஏ.எல்.எஸ். குடும்பம் இரண்டிலுமே குறுந்துண்டுகள் எந்த மரபணுவைச் சேர்ந்தவை என்று தெரியாமல் குழம்பும். முக்கியமான சில ஐசோலேட்களுக்காவது நானோபோர் நெடுந்துண்டு சீக்வென்சிங் சேர்த்துச் செய்யுங்கள்.

டி.என்.ஏ. எடுக்கும்போது பாக்டீரியாவுக்கான கிட்டை அப்படியே போட்டால் விளைச்சல் இருக்காது. ஈஸ்ட்டின் சுவரை லிட்டிகேஸ் போன்ற நொதியாலோ கண்ணாடி மணிகளாலோ முதலில் உடைக்க வேண்டும். நெடுந்துண்டு வேண்டும் என்றால் மணிகளைத் தவிருங்கள், டி.என்.ஏ. பொடிப்பொடியாகிவிடும்.

படி 6: வேறுபாடுகளைப் படியுங்கள், எழுத்து மாற்றத்தோடு நின்றுவிடாதீர்கள்

வழக்கமான பாதை தெரிந்ததுதான்: ஃபாஸ்ட்கியூசியில் தரம் பார்த்து, பி.டபிள்யூ.ஏ. கொண்டு மேற்கோள் ஜீனோமோடு பொருத்தி, ஜி.ஏ.டி.கே.யில் வேறுபாடுகளைக் கண்டு, ஸ்னிப்எஃப் மூலம் புரதத்தில் என்ன மாறுகிறது என்று குறிப்பது. அல்பிகன்ஸுக்கு எஸ்.சி.5314, ஆரிஸின் தெற்காசியக் கிளேடுக்கு (ஒரே மூதாதையிலிருந்து வந்த கிளைக்கு) பி8441, கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸுக்கு எச்99 ஆகியவை மேற்கோள் ஜீனோம்கள். ஈஸ்ட்டுக்கே உரிய குழிகள் வேறு சில உண்டு.

முதல் குழி மரபுக்குறியீடு. அல்பிகன்ஸிலும் ஆரிஸிலும் சி.யு.ஜி. என்ற மூன்றெழுத்து லியூசினைக் குறிப்பதில்லை, செரினைக் குறிக்கும். மென்பொருளில் மாற்று ஈஸ்ட் குறியீட்டை, அதாவது அட்டவணை 12ஐத் தேர்ந்தெடுக்காவிட்டால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான அமினோ அமிலங்களைத் தந்துவிடும். கிளாப்ராட்டஸுக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் வழக்கமான குறியீடேதான். எல்லாமே ‘ஈஸ்ட்’ என்று ஒரே அமைப்பில் ஓட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, பிளாய்டி. ஹாப்ளாய்டா டிப்ளாய்டா என்று ஜி.ஏ.டி.கே.வுக்குச் சொல்ல வேண்டும். ஹாப்ளாய்டான ஆரிஸில் பல இடங்களில் பாதித் துண்டுகள் ஒரு எழுத்தும் பாதித் துண்டுகள் வேறெழுத்தும் காட்டினால், கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டித் தள்ளாதீர்கள். கலப்பு வளர்ப்பாக இருக்கலாம். அல்லது அந்தப் பகுதி இரட்டித்திருக்கலாம்.

மூன்றாவது, ஹெட்டிரோசைகோசிட்டி இழப்பு, அதாவது இரு பிரதிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைவது. எஸ்.சி.5314 ஜீனோமில் இரு பிரதிகளுக்கும் இடையே 60,000க்கும் மேற்பட்ட இடங்களில் எழுத்து வேறுபடுகிறது. மருத்துவமனை ஐசோலேட்களில் குரோமோசோமின் நீண்ட பகுதிகள் ஒரே பிரதியாகச் சுருங்கியிருக்கும். அந்த மாற்றத்தில் புதிய எழுத்து எதுவும் வராது, பழையதொன்று போயிருக்கும். புதிய மாற்றங்களை மட்டும் தேடும் நிரல் இதை அப்படியே விட்டுவிடும். ஆனால் பாதி அளவில் இருந்த ஒரு மருந்து எதிர்ப்பு மாற்றம் இரண்டு பிரதியிலும் வந்துவிட்டால் எதிர்ப்பு கூடும். வீரியத்துக்கும் இதே கதைதான்.

நான்காவது, குரோமோசோம் எண்ணிக்கை. ஒவ்வொரு குரோமோசோமிலும் சராசரி ஆழத்தை வரைந்து பாருங்கள். டிப்ளாய்டு அல்பிகன்ஸில் ஒரு குரோமோசோம் மட்டும் ஒன்றரை மடங்கு உயர்ந்து, அதிலுள்ள எழுத்து விகிதம் பாதிக்குப் பாதியாக இல்லாமல் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிரிந்தால் அது மூன்று பிரதி. இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால்தான் நம்புங்கள். இந்தப் படத்தை வரைய ஒய்மேப் என்ற கருவி இருக்கிறது. கிரிப்டோகாக்கஸில் முதல் குரோமோசோம் இரட்டித்து ஃப்ளுகோனசோலைத் தாங்குவதும் இதே வகைதான்.

என் கணிப்பில், மாணவர் ஆய்வேடுகளில் தவறிப்போகும் முக்கியமான கண்டுபிடிப்புகள் மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் இருக்கின்றன. எழுத்து மாற்றங்கள் அட்டவணையில் அழகாக வந்து விழுவதால் கவனம் முழுக்க அங்கேயே போய்விடுகிறது.

படி 7: மரம் வரையாமல் காரணம் சொல்லாதீர்கள்

மரம் என்பது ஐசோலேட்களின் மரபு உறவைக் காட்டும் கிளைப்படம். ஆரிஸ் இதற்குச் சரியான பாடம். 2017இல் பல கண்டங்களின் ஐசோலேட்களை ஒப்பிட்டபோது தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா என நான்கு கிளேடுகள் தெரிந்தன. கிளேடுகளுக்கு இடையே பல்லாயிரம் எழுத்து வேறுபாடுகள். ஒரே கிளேடுக்குள் மிகக் குறைவு. பின்னர் ஈரானில் ஐந்தாவது வந்தது. அது மற்றவற்றிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மாறுபட்டது. சிங்கப்பூரிலிருந்து ஆறாவதும் பதிவாகியிருக்கிறது. கிழக்காசியக் கிளேடு பெரும்பாலும் காதில் தங்கும், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும். இந்திய மருத்துவமனைகளில் பரவும் தெற்காசியக் கிளேடோ சுமார் 90 சதவீதம் ஃப்ளுகோனசோலுக்குக் கட்டுப்படுவதில்லை.

இப்போது இந்த இரண்டு கிளேடுகளையும் ஒப்பிட்டு “வீரியமுள்ளதில் மட்டும் இருக்கும் மாற்றங்கள்” என்று தேடினால் பல்லாயிரம் வரும். அவற்றில் எது காரணம், எது வெறுமனே கிளேடின் பரம்பரைச் சொத்து என்று பிரிக்க வழியே இல்லை. கிழக்காசியக் கிளேடில் குரோமோசோம் முனைப் பகுதிகள் சில தொலைந்து, அவற்றோடு ஒட்டுப்புரத மரபணுக்களும் போயிருப்பது தெரியும். கவனிக்க வேண்டிய தடயம்தான் அது; ஆனாலும் தடயம் மட்டும்தான்.

வழி என்ன? ஒரே கிளேடுக்குள், முடிந்தால் ஒரே கிளைக்குள், குணத்தில் மாறுபடும் ஐசோலேட்களை ஒப்பிடுங்கள். உகாண்டாவில் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் ஐசோலேட்களில் இப்படித்தான் செய்தார்கள். எஸ்.டி.93 என்ற ஒரே வகையைச் சேர்ந்த 38 ஐசோலேட்களை மட்டும் எடுத்து, நோயாளிகளின் நிலையோடு சேர்த்துப் பார்த்து, 40 மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் சிலவற்றை நீக்கி எலிகளில் சோதித்தபோது உயிர்பிழைப்பில் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொரு வழி, ஒரே மாற்றம் தொடர்பில்லாத கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறதா என்று பார்ப்பது. ஆரிஸில் இ.ஆர்.ஜி.11 புரதத்தின் 132ஆம் இடத்தில் டைரோசின் போய் ஃபினைல்அலனின் வருவதும், எஃப்.கே.எஸ்.1 புரதத்தின் 639ஆம் இடத்தில் செரின் மாறுவதும் வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்பத் தோன்றியவை. ஆனாலும் இ.ஆர்.ஜி.11 மட்டுமே ஃப்ளுகோனசோல் எதிர்ப்பை முழுமையாக விளக்கவில்லை. டி.ஏ.சி.1பி என்ற மரபணுவிலும் மாற்றங்கள் இருப்பது பின்னால்தான் தெரியவந்தது. ஒரு காரணம் கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

மரத்தில் மருத்துவமனைக்கு வெளியே எடுத்த ஐசோலேட்கள் இருந்தால் இன்னும் நல்லது. 2021இல் அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பிலும் கடற்கரை மணலிலும் ஆரிஸ் கிடைத்தது. அதில் மருந்துக்குக் கட்டுப்பட்டு மெதுவாக வளரும் ஐசோலேட்டும் இருந்தது. மருத்துவமனைக்குள் வரும் முன் இந்த ஈஸ்ட் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அப்படிப்பட்ட ஒன்று உதவும்.

படி 8: வீரியத்தை உயிருள்ள ஒன்றில் அளவிடுங்கள்

மெழுகு அந்துப்பூச்சியின் புழுவில் தொடங்குவதே நடைமுறை. தேனீ வளர்ப்போருக்கு அடையை அரித்துத் தின்னும் எதிரி, நமக்கோ 37 டிகிரியில் தாங்கும் மலிவான சோதனை உயிரி. எலிக்கு வேண்டிய விலங்கு நெறிமுறை அனுமதி இதற்குப் பொதுவாகத் தேவைப்படாது. புழுவின் பின்பக்கப் பொய்க்காலில் 10 மைக்ரோலிட்டர் செலுத்தி, தினமும் எத்தனை உயிரோடு இருக்கின்றன, எத்தனை கறுத்துவிட்டன என்று ஒரு வாரம் குறிப்பார்கள்.

எடையும் நிறமும் ஒத்த புழுக்களாகத் தேர்ந்தெடுங்கள். உப்புநீர் மட்டும் செலுத்திய குழு, கொல்லப்பட்ட ஈஸ்ட் செலுத்திய குழு, ஒன்றும் செய்யாத குழு மூன்றும் இருக்க வேண்டும். வெவ்வேறு தொகுதிப் புழுக்களில் மூன்று முறையாவது திரும்பச் செய்யுங்கள். கப்லான்-மையர் வளைகோடும் லாக்-ரேங்க் சோதனையும் போதும். பல ஐசோலேட்களை ஒப்பிடும்போது பன்முறை ஒப்பீட்டுத் திருத்தம் மறக்கக் கூடாது.

செலுத்தியது எத்தனை செல் என்பதைச் செல் எண்ணும் கண்ணாடித் தகட்டில் எண்ணியதோடு விடாமல், பிளேட்டில் பரப்பிக் காலனி எண்ணியும் சரிபாருங்கள். கொத்தாக ஒட்டும் ஆரிஸில் இரண்டு எண்ணும் ஒத்துப்போகாது. கொத்தாத ஐசோலேட்கள் புழுக்களை வேகமாகக் கொல்வதாகப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் கொத்தும் ஐசோலேட்டில் நீங்கள் உண்மையில் எவ்வளவு செலுத்தினீர்கள் என்பதே தெரியாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

புழுவுக்குப் பிறவி எதிர்ப்பு மட்டுமே உண்டு. எதிர்ப்பொருள் இல்லை, டி செல் இல்லை, தோலில் மாதக்கணக்கில் குடியிருக்கும் நிலையையும் அது காட்டாது. மனித எபிதீலியச் செல்களில் எவ்வளவு சேதம் என்று, உடைந்த செல்லிலிருந்து கசியும் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் நொதியை அளந்து சேர்த்தால் படம் தெளிவாகும். எலி வேண்டும் என்று தோன்றினால், கேள்வி அவ்வளவு கூர்மையானதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: அந்த மரபணுதான் காரணம் என்று நிரூபியுங்கள்

1988இல் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ வகுத்த விதி இன்றும் செல்லும். மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் வீரியம் குறைய வேண்டும். திரும்ப வைத்தால் மீள வேண்டும். இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடும் ஆய்வுகளை நம்புவது கஷ்டம்.

அல்பிகன்ஸில் இதற்கு ஒரு கசப்பான வரலாறே உண்டு. எஸ்.சி.5314இல் யு.ஆர்.ஏ.3 மரபணுவை நீக்கி உருவாக்கிய ஸ்ட்ரெய்னை வைத்து, அதே யு.ஆர்.ஏ.3ஐ அடையாளமாகப் பயன்படுத்திப் பல மரபணுக்களை நீக்கினார்கள். வீரியம் குறைந்தது. நீக்கிய மரபணுவால்தான் குறைந்தது என்று கட்டுரைகள் வந்தன. பிறகு பார்த்தால், யு.ஆர்.ஏ.3 குரோமோசோமில் எந்த இடத்தில் போய் உட்கார்கிறது என்பதைப் பொறுத்து அதன் வெளிப்பாடு மாறி, அதனாலேயே வீரியம் ஏறி இறங்கியிருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள். இப்போது நர்சியோத்ரிசின் என்ற மருந்துக்கான எதிர்ப்பு அடையாளமும், மரபணுவைக் குறிவைத்து வெட்டும் கிரிஸ்பர் முறையும் இருப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. ஆனால் கிரிஸ்பர் வெட்டின் சுற்றுவட்டாரத்திலேயே ஹெட்டிரோசைகோசிட்டி இழப்பு நேரலாம். தனித்தனியாக உருவான இரண்டு மூன்று காலனிகளில் ஒரே முடிவு வருகிறதா என்று பாருங்கள். மரபணு திருத்தம் எல்லாவற்றுக்கும் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் முன்னனுமதி வேண்டும். எதிர்ப்பையோ வீரியத்தையோ கூட்டும் திசையில் மாற்றம் செய்யத் தேவையே இல்லை. நீக்குவதும் பழைய நிலைக்கு மீட்பதும் கேள்விக்குப் போதுமானவை.

நன்றாகச் செய்யப்பட்ட வேலைக்கு எடுத்துக்காட்டு கேண்டிடாலைசின். அல்பிகன்ஸின் இழைகள் ஏன் திசுவைச் சேதப்படுத்துகின்றன என்று நெடுங்காலம் தெரியவில்லை. ஈ.சி.ஈ.1 மரபணுவை நீக்கிய ஸ்ட்ரெய்ன் இழை விட்டது, ஆனால் எபிதீலியச் செல்களைச் சேதப்படுத்தவில்லை. அந்தப் புரதத்திலிருந்து வெட்டுப்படும் 31 அமினோ அமிலப் பெப்டைடுதான் நச்சு என்று 2016இல் தெரிந்தது. இழை விடுவது ஒரு திறன், சேதம் செய்வது இன்னொரு திறன் என்று பிரித்துக் காட்டியது அந்த ஆய்வு.

இயற்கையே செய்து வைத்த சோதனைகளும் உண்டு. பி94015 என்ற மருத்துவமனை ஐசோலேட்டில் ஈ.எஃப்.ஜி.1 மரபணு பாதியிலேயே முடிந்துவிடும் மாற்றம் இரண்டு பிரதியிலும் இருக்கிறது. இரத்தத்தில் அதன் வீரியம் குறைவு. எலியின் குடலில் குடியிருக்கும் திறனோ கூடுதல். ஒரே மாற்றம் ஓரிடத்தில் நட்டம், இன்னோரிடத்தில் லாபம். வீரியம் குறைந்த ஐசோலேட்டை ‘பலவீனமானது’ என்று ஒதுக்காமல், அது எங்கே நன்றாக வாழ்கிறது என்று தேடிப் பார்க்க இது ஒரு காரணம்.

ஆரிஸில் 2023இல் வெளிவந்த எஸ்.சி.எஃப்.1 ஒட்டுப்புரதம் இந்தத் தொடர் முழுவதையும் காட்டும். இது ஆரிஸுக்கே உரியது. ஐசோலேட்டுக்கு ஐசோலேட் இந்த மரபணுவின் வெளிப்பாடு வேறுபடுகிறது. அதற்கேற்ப மேற்பரப்பில் ஒட்டுவதும் வேறுபடுகிறது. நீக்கினால் தோலிலும் கதீட்டரிலும் குடியேறுவது குறைகிறது. ஒட்டும் திறன் குறைந்த ஐசோலேட்டிலும் மரபணு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்காது. ஜீனோம் ஒப்பீட்டில் ஒன்றும் தெரியாமல் குணம் மட்டும் மாறினால் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல நியாயம் இல்லை.

படி 10: பதிவேற்றம், ஒப்படைப்பு

மூல சீக்வென்ஸ் தரவைப் பொதுத் தரவுத்தளத்தில் போடும்போது, எந்த ஆண்டு, எந்த ஊர், உடலின் எந்தப் பகுதி, எத்தனையாவது மறுவளர்ப்பு, எம்.ஐ.சி. அளவுகள் இவை எல்லாம் இருக்கட்டும். நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது. ஐசோலேட்டைச் சண்டிகரிலுள்ள பி.ஜி.ஐ. மருத்துவக் கல்வி நிறுவனத்தின் தேசிய நோய்ப்பூஞ்சைச் சேகரிப்பு மையம் போன்ற ஒன்றில் ஒப்படையுங்கள்; புராஜெக்ட் முடிந்து நீங்கள் போன பிறகு ஃப்ரீசரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரே வார்டின் இரண்டு ஐசோலேட்கள் மரத்தில் ஒட்டினாற்போல உட்கார்ந்திருந்தால் கட்டுரை வெளிவரும் வரை காத்திருக்க வேண்டாம், மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவுக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.